தெரிந்த பாடம்

ஈப்போ பக்கத்துச் சிம்பாங் பூலாயில் அவர்கள் குடியிருந்த வரிசையில், ரோசரி கல்லூரிப் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். விடியுமுன் முதலில் எரிவது அவள் வீட்டு அடுப்படி விளக்குதான். அவள் கணவன் சவரிநாதன் கேமரன் மலையிலிருந்து காய்கறி இறக்கும் லோரி ஓட்டுபவன்; இருட்டோடு கிளம்பிவிடுவான். அவனுக்குக் கோப்பி கலக்கிக் கொடுத்து கேட்டைப் பூட்டிவிட்டு வந்தால், மகள் ஜோசலின் எழும் வரைக்கும் அடுப்படி மேசை ரோசரிக்குச் சொந்தம். ஒரு நாளைக்கு ஒரு பகுதி. அதற்கு மேல் அவள் ஆசைப்படுவதில்லை. காய்ச்சலில் கிடந்த நாள்களில்கூட அதற்குக் கீழே விட்டதுமில்லை.

நாற்பதை நெருங்கும் வயதில் அவள் விரும்பிப் போய்ச் சேர்ந்த படிப்பல்ல அது. பாலர்பள்ளியில் பல வருடங்களாகச் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் தலைமையாசிரியை குமுதா அவளை அழைத்து, "இனிமே டிப்ளோமா இல்லாதவங்க வகுப்பு எடுக்க முடியாது ரோசரி. மேல இருந்து சொல்லிட்டாங்க. நீங்க எப்படியாச்சும் முடிச்சிருங்க" என்றார். ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியில் சனி ஞாயிறு வகுப்பு. சேர்ந்தாள். மற்ற எல்லாத் தாளும் ஒருவழியாகத் தேறிவிட்டன. போன வருடம் ஒன்றே ஒன்று கவிழ்த்துவிட்டது. குழந்தை வளர்ச்சி.

பிள்ளைகளோடே காலம் தள்ளியவள் அந்தத் தாளில் தோற்றதுதான் அவளுக்கு மானக்கேடாக இருந்தது. பிள்ளைகளை அவளுக்குத் தெரியும். எந்த வயதில் எதற்கு அழும், எந்த வயதில் பொய் சொல்லத் தொடங்கும் என்பதெல்லாம் தெரியும். பிள்ளைகளைப் பற்றிப் புத்தகம் எழுதிய வெள்ளைக்காரர்களின் பெயர்கள்தான் மனதில் நிற்கவில்லை. ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, மலாய் இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு நின்றுபோன படிப்பு அவளுடையது. இங்கே எல்லாம் ஆங்கிலம்.

இந்த முறை அவள் விடுவதாக இல்லை. மத்தியானம் பிள்ளைகள் போனபிறகு, வகுப்பறையைக் கூட்டித் துடைத்துவிட்டு, வெள்ளைப் பலகையில் அன்றைய பகுதியை எழுதி, காலி நாற்காலிகளைப் பார்த்து நடத்துவாள். முழங்கால் உயரம்கூட இல்லாத சிவப்பு, மஞ்சள் நாற்காலிகள். முதலில் தன் குரலைக் கேட்க அவளுக்கே கூச்சமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. அதையே கைப்பேசியில் பதிந்துகொண்டு, மோட்டாரில் போகும்போது ஹெல்மெட்டுக்குள் கேட்டுக்கொண்டு போவாள்.

வீடும் அவளோடு சேர்ந்து படித்தது. சவரிநாதன் சாயங்காலம் டிவி போடுவதை நிறுத்திவிட்டான். பந்து விளையாட்டு நடக்கிற நாள்களில் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று பார்த்துவிட்டு வருவான். ஜோசலினுக்கு அந்த வருடம் ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு, எஸ்.பி.எம். இருந்தும், ஜெபமாலை சொல்லி முடித்ததும் அம்மாவின் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பாள்.

"எல்லாம் சொல்லிட்டீங்கம்மா. புத்தகத்தைப் பாத்துக் கேக்கிற எனக்குத்தான் குழம்புது" என்பாள்.

பரீட்சைக்கு முந்தின ஞாயிறு மாதாகோயில் பூசையில், தேர்வு எழுதுகிறவர்களுக்காகச் சாமியார் ஜெபிக்கச் சொன்னபோது, பள்ளிப் பிள்ளைகளோடு ரோசரியின் பெயரையும் சேர்த்துச் சொன்னார். கோயிலே திரும்பிப் பார்த்தது. வெளியே வந்ததும் பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ரோசரிக்கு உடம்பு கூசியது. இத்தனை பேருக்குத் தெரிந்துவிட்டதே, இனி தோற்கவும் முடியாதே என்று தோன்றியது.

பரீட்சையன்று காலை, ஜோசலின் பள்ளிச் சீருடையில் நின்று அம்மாவின் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாள்.

கல்லூரி கேண்டீனில் தினேஸ்வரி உட்கார்ந்து பாலில்லாத தே ஓ ஐஸ் டீ குடித்துக்கொண்டிருந்தாள். ரோசரியின் வகுப்புத் தோழி. இருபத்திரண்டு வயது இருக்கும். அவளுக்கு எல்லாம் ஒரு தடவை படித்தால் போதும்.

"அக்கா, அந்தத் தியரி அஞ்சும் வரும்னு சொல்றாங்க. ரெண்டாவது ஆளு பேரு என்னக்கா? எனக்கு அதுமட்டும் பறந்துருது."

ரோசரி வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை. முதலாவது ஆளின் பெயரைச் சொல்லிப் பார்த்து அங்கிருந்து போகலாம் என்று தேடினாள். அதுவும் இல்லை. காலி நாற்காலிகளுக்கு எத்தனையோ தடவை சொன்ன பெயர்கள். துடைத்த பலகை மாதிரி இருந்தது மண்டை.

"ஆங், இவருதான்" என்று தினேஸ்வரி கைப்பேசியில் பார்த்துவிட்டுச் சொன்னாள். ரோசரியின் முகத்தைப் பார்த்து, "ரிலேக்ஸ் லா அக்கா. உங்களுக்குத் தெரியாததா" என்று சிரித்தாள்.

ரோசரி எழுந்து கழிவறைக்குப் போனாள். கதவைத் தாழிட்டுக்கொண்டு பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். முழுக்கை உடுப்பான பாஜு கூரோங்கின் இடது கையை முழங்கை வரை சுருட்டிவிட்டு, நீலப் பேனாவால் தோலின் மேல் ஐந்து பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். பக்கத்தில் ஒவ்வொருவருடைய தியரிக்கும் ஒரு சொல். பிள்ளைகளுக்குப் பலகையில் எழுதுகிற அதே குண்டுக் கையெழுத்து. பார்ப்பதற்காக இல்லை, சும்மா இருக்கட்டும், இருந்தால் தைரியம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கையை இறக்கிவிட்டாள். துணி மறைத்துவிட்டது.

மண்டபத்தில் கேள்வித்தாளைத் திருப்பியதும் முதல் கேள்வியே அதுதான். ஐந்து பெயர்களும் வரிசையாக வந்து நின்றன, தினேஸ்வரி மறப்பதாகச் சொன்ன இரண்டாவது ஆள் உட்பட. ரோசரி எழுதத் தொடங்கினாள். இரண்டாவது கேள்வி, பொம்மைக்காக அடித்துக்கொள்ளும் இரண்டு பிள்ளைகளைப் பற்றியது. அவள் வகுப்பில் தினமும் நடப்பது. மூன்றாவதும் தெரிந்தது. பேனா ஓடிய ஓட்டத்தில் அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. இதற்கா போன வருடம் தோற்றோம்? கையில் எழுதியிருந்தது அவளுக்கு மறந்தே போய்விட்டது.

மண்டபத்தில் காற்றாடி சுற்றினாலும் புழுக்கம். எழுதிக்கொண்டே, பிள்ளைகளுக்குக் கை கழுவிவிடும்போது செய்கிற பழக்கத்தில், சட்டையின் இரண்டு கைகளையும் மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள்.

"டீச்சர்."

குரல் மிகத் தாழ்வாக வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். மேற்பார்வைக்கு நின்றவர் சுகுமாரன். அந்தக் கல்லூரியில் கணக்கியல் விரிவுரையாளர். அவருடைய மகள் ரோசரியின் வகுப்பில் படிக்கிறாள். தினமும் காலையில் மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, "வாரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போகிற மனிதர்.

"டீச்சர், பேனாவ வச்சிருங்க."

ஏன் என்று முதலில் அவளுக்கு விளங்கவில்லை. அவர் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். வியர்வையில் நீலம் கொஞ்சம் கசிந்திருந்தது. எழுத்துகள் தெளிவாக இருந்தன.

"சார், நான் பாக்கல. சத்தியமா பாக்கல."

"தெரியும் டீச்சர். ஆனா கையில இருக்கு."

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. விடைத்தாளை எடுத்துக்கொண்டார். தலைமை மேற்பார்வையாளரான மலாய்ப் பெண் வந்து, அவள் மணிக்கட்டை நர்ஸ் பிடிப்பதுபோல மெதுவாகப் பிடித்துக்கொண்டு, கைப்பேசியில் படம் எடுத்தாள். பேனாக்களின் சத்தம் மண்டபத்தில் ஒரு நிமிடம் நின்றது. தினேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். பிறகு சட்டென்று குனிந்துகொண்டாள். அவள் குனிந்ததுதான் ரோசரியை அதிகமாகச் சுட்டது. வரிசைகளுக்கு நடுவே நடந்து வெளியே வந்தாள்.

கழிவறையில் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். பெயர்கள் அழிந்தன. நீலம் மட்டும் தோலில் தங்கிவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியில், கல்லுடைக்கிற குன்றோரம் மோட்டாரை நிறுத்திவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். லோரிகள் புழுதி கிளப்பிப் போயின. சவரிநாதனின் லோரி வந்துவிடுமோ என்ற பயத்தில் மறுபடியும் கிளம்பினாள்.

ஜோசலின் பள்ளி விட்டு வந்து சாப்பிட மீகூன் பிரட்டி வைத்திருந்தாள். "எப்படிம்மா?"

"எல்லாம் தெரிஞ்ச கேள்விதான்" என்றாள் ரோசரி.

ஜோசலின் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "நான் சொன்னேன்ல!" சவரிநாதன் சாயங்காலம் வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, திரும்பவும் வெளியே போய், எல்லாருக்கும் கடையில் ரோஜாக் வாங்கிப் பொட்டலமாகத் தாப்பாவ் பண்ணிக்கொண்டு வந்தான். ரோசரி முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்து அதைச் சாப்பிட்டாள். சொன்னது பொய்யில்லை என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். மிச்சத்தை ஜோசலின் தட்டில் தள்ளிவிட்டாள்.

மறுநாளும் சுகுமாரன் மகளைக் கொண்டுவந்து விட்டார். "வாரேன் டீச்சர்" என்றார், எப்போதும் போல. யாரிடமும் அவர் எதுவும் சொல்லவில்லை என்பது குமுதாவின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த மரியாதையை ரோசரியால் தாங்க முடியவில்லை. அவர் கார் சத்தம் கேட்டாலே சமையலறைப் பக்கம் போய்விடுவாள். பிள்ளையை உதவியாளர் வந்து அழைத்துப் போவாள்.

விசாரணைக்கு வரச்சொல்லிக் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்த பிறகு, ஒரு காலை அவள் தானாகவே அவர் காருக்குப் பக்கத்தில் போனாள். மகள் உள்ளே ஓடியிருந்தாள்.

"சார், ஒரு நிமிசம். அது வெறும் கிறுக்கல், சரியா தெரியலன்னு நீங்க சொன்னா..." அவள் கார்க் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "என் மவ எஸ்.பி.எம். எழுதப்போறா சார். வீட்டுல யாருக்கும் தெரியாது."

சுகுமாரன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை மட்டும் கேக்காதீங்க டீச்சர்" என்றார்.

ரோசரி தலையசைத்தாள். திரும்பி நடந்தாள். கையில் எழுதியதைக்கூட ஒரு வகையில் மன்னித்துவிடலாம், பயத்தில் செய்தது. இப்போது கேட்டது அப்படியில்லை. நன்றாக யோசித்து, காலையில் குளித்து, தலைசீவி வந்து கேட்டது. பாலர்பள்ளி வாசலைத் தாண்டும்போது பிள்ளைகள் "குட் மார்னிங் டீச்சர்" என்று கத்தினார்கள். அவள் நேராகச் சமையலறைக்குப் போனாள்.

விசாரணை அறையில் மூன்று பேர் இருந்தார்கள். ரோசரி ஆங்கிலத்தில் ஒரு பதிலைத் தயாரித்து, பாடம்போல மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தாள். பார்த்து எழுதினீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். பார்ப்பதற்கு இல்லையென்றால் எதற்காக எழுதினீர்கள் என்று கேட்டார்கள். மனப்பாடம் செய்தது வரவில்லை.

"பயமா இருந்துச்சு" என்றாள் மலாயில். "பார்க்கணும்னு நெனச்சுத்தான் எழுதுனேன். பார்க்கத் தேவையில்லாம போயிடுச்சு. அவ்வளவுதான்."

சுகுமாரனையும் அழைத்துக் கேட்டார்கள். அவள் கையைப் பார்த்து எழுதியதைத் தான் காணவில்லை என்றும், அந்த வரிசையில்தான் தொடக்கத்திலிருந்து நின்றதாகவும், கையில் எழுத்து இருந்தது உண்மை என்றும் சொன்னார். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அவளைக் கல்லூரியைவிட்டு நீக்கவில்லை. அந்தத் தாள் ரத்து, அடுத்த தவணைத் தேர்வு எழுதக்கூடாது, அதற்கடுத்ததில் எழுதலாம்.

அன்று சாயங்காலமே வீட்டில் சொன்னாள். சாப்பாட்டு மேசையில், இருவரும் இருக்கும்போது, ஒரு மூச்சில்.

சவரிநாதன் தட்டில் இருந்த சோற்றை முடித்தான். கை கழுவினான். பிறகு முன்னறைக்குப் போய் டிவியைப் போட்டான். மாதக்கணக்காக ஓடாத டிவி. யாரோ சிரிக்கிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. அவன் பார்த்துக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை. திட்டியிருந்தால் அவளும் அழுதிருப்பாள்.

ஜோசலின் எழவில்லை.

"நான் கேட்ட எல்லாத்துக்கும் பதில் சொன்னீங்களேம்மா. ஒண்ணுவிடாம சொன்னீங்களே."

"ம்."

"அப்புறம் ஏம்மா? தெரியாதவங்க எழுதுவாங்க, சரி. தெரிஞ்சவங்க எதுக்கு எழுதணும்?"

ரோசரி தன் தட்டுச் சோற்றை ஓரமாக ஒதுக்கினாள். ஜோசலின் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாள். அதன்பிறகு பல நாள்கள் தேவைக்கு மேல் பேசவில்லை. ஜெபமாலையின்போது அம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

குமுதாவிடமும் ரோசரியே போய்ச் சொன்னாள். குமுதா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பிடிச்சது சுகுமாரனா?" என்று மட்டும் கேட்டார். "அவரு மேல ஒண்ணும் இல்ல. நான்தான்" என்றாள் ரோசரி. புது வருடத்தில் அவள் வகுப்புக்கு டிப்ளோமா முடித்த வேறொரு பெண் வந்தாள். ரோசரி உதவியாளர் ஆனாள். பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுவது, கால் கழுவிவிடுவது, தூங்கவைப்பது. பிள்ளைகள் பழக்கத்தில் "டீச்சர்" என்று கூப்பிடும். "அங்க இருக்காங்க பாரு டீச்சர்" என்று புதியவளைக் காட்டுவாள். கோயிலில் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, முடிந்ததும் முதலில் வெளியேறிவிடுவாள்.

அந்த மாற்றத்துக்கெல்லாம் முன்பே, வருடக் கடைசியில், ஜோசலினின் எஸ்.பி.எம். வந்தது. முதல் தாளன்று ரோசரி அவளை மோட்டாரில் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டாள். ஜோசலின் இறங்கி கேட் வரைக்கும் போனாள். அங்கேயே நின்றுவிட்டாள். திரும்பி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"மா, ஒண்ணுமே இல்லம்மா. எதை நெனச்சாலும் வரமாட்டேங்குது."

ரோசரி மோட்டாரை அணைத்தாள். இந்தப் பெண்ணுக்குப் புத்தி சொல்ல நமக்கு என்ன யோக்கியதை என்று நினைத்தாள். சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றாள். "கேண்டீன்ல ஒரு பேரு வரல. உடனே எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு முடிவு பண்ணிட்டேன். தோட்டத்துப் பொம்பள, உனக்கெங்க இதெல்லாம்னு உள்ளுக்குள்ள ஒரு நெனப்பு எப்பவும் இருந்துச்சு. அன்னைக்கு அதை நம்பிட்டேன். உள்ள போயி உக்காந்தா எல்லாம் இருந்துச்சு, ஜோஸ். அன்னைக்கு ஏன்னு கேட்டல்ல. அதான்."

ஜோசலின் அழவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி அம்மாவின் கையில் கொடுத்தாள். அதுவரை அதைப் போட்டபடியே நின்றிருந்தாள்.

"போறேம்மா" என்றாள்.

ரோசரி புத்தகத்தை மறுபடி எடுக்க அதிக நாள் பிடித்தது. விளக்கைப் போட்டு உட்கார்ந்தாலும், அந்தப் பெயர்கள் வரும் பக்கத்தைத் திருப்பும்போது இடது கை கூசும். புத்தகத்தை மூடிவிட்டு அரிசி களைந்து வைப்பாள். பிறகு அந்தப் பக்கத்தைத் தாண்டி அடுத்ததில் தொடங்கினாள். கொஞ்ச நாள் கழித்துத் திரும்பி வந்து அதையும் படித்தாள். யாரிடமும் கேள்வி கேட்கச் சொல்லவில்லை. கோயிலிலும் பெயர் கொடுக்கவில்லை. முன்னைப்போல ஒரு நாளைக்கு ஒரு பகுதி.

தடை முடிந்ததும் எழுதினாள். தேறினாள். மதிப்பெண் ஒன்றும் பெரிதில்லை. ரத்தான தாளில் எழுதியது இதைவிட நன்றாக இருந்தது என்று அவளுக்குத் தெரியும். சவரிநாதன் "நல்லது" என்றான். கொஞ்சம் யோசித்து, "கால்வின் கடையில சாப்பிடப் போலாமா?" என்றான். போனார்கள். குமுதா, அடுத்த வருடம் பிள்ளைகள் கூடினால் இன்னொரு வகுப்புத் திறக்கப் போவதாகச் சொன்னார். தேறிவிட்டால் அவமானம் போய்விடும் என்று ரோசரி நினைத்திருந்தாள். அது போகவில்லை, அளவு மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது.

ஒரு சனிக்கிழமை பாசாரில், மீன் கடையில் நின்றிருந்தபோது யாரோ அவள் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். சுகுமாரனின் மகள். இப்போது ஒன்றாம் ஆண்டு படிக்கிறாள், முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. "ரோசரி டீச்சர்!" பின்னாலேயே சுகுமாரன் கீரைக்கட்டோடு வந்தார்.

"ரிசல்ட் கேள்விப்பட்டேன் டீச்சர். ரொம்ப சந்தோசம்."

"நன்றி சார்." ரோசரி அவர் முகத்தைப் பார்த்தாள். வெகுநாளைக்குப் பிறகு நேராகப் பார்த்தாள். "சார், மண்டபத்துல நடந்தது போவட்டும். அன்னைக்குக் காலையில உங்க காருகிட்ட வந்து கேட்டேனே... அதை நான் கேட்டிருக்கக்கூடாது."

"என்ன கேட்டீங்க? எனக்கு ஞாபகம் இல்லையே டீச்சர்" என்றார் சுகுமாரன்.

சொல்லும்போது அவர் கண்கள் மீன் தட்டைப் பார்த்தன. கல்லூரியில் ஒரு சொல்லைக்கூட மாற்றிச் சொல்லாத மனிதர். பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. அவள் காது மடல் சூடாகியது. அதற்குமேல் அவரை வருத்தக்கூடாது என்று, "கெம்போங் மீனு நல்லா இருக்கு சார், இன்னைக்கு வந்தது" என்றாள்.

"அப்படியா? ஒரு கிலோ போடச் சொல்லுங்க" என்றார் அவர்.

அவள் கடைக்காரனிடம் சொன்னாள். சிறுமி ஒவ்வொரு மீனின் வாயையும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.